சிப் செத்துப்போச்சு என்றார்கள்

அந்தத் திங்கட்கிழமை காலையில் தண்டையார்பேட்டையைத் தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது செல்போன் அடித்தது. கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எடுத்தேன். எங்கள் யார்டின் வாசலைப் பார்த்துக்கொள்ளும் கேட் அக்கா.

"எங்கடி கீற? ஜல்தி வா. கம்ப்யூட்டர் கையெழுத்து போட மாட்டேங்குது. வண்டியெல்லாம் லைன் கட்டி நிக்குது."

"ஒரு தடவ நிறுத்திப் போட்டுப் பாத்தீங்களா?"

"ரெண்டு தபா போட்டாச்சு. சாவி கிடைக்கலங்குது. எந்தச் சாவிடி?"

எந்தச் சாவி என்று எனக்குத் தெரியும்.

நான் வேலை பார்த்தது திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் இருந்த ஒரு கண்டெய்னர் யார்டில். இரண்டாயிரங்களின் பின்பாதி. எனக்கு இருபத்து நாலு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருவேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்திருந்தேன் என்றாலும், லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைக் கற்றது பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில்தான். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கிய பழைய பாகங்களை ஒட்டவைத்து, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். யார்டில் என் பதவி சிஸ்டம் அட்மின். ஆனால் பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பது, ஃபேன் சத்தத்தைப் பார்ப்பது எல்லாம் என் தலையில்தான். மின்சாரத்தில் ஓடுகிற எதுவானாலும் "அந்தப் பொண்ணக் கூப்பிடு" என்பார்கள்.

கேட் அக்கா காசிமேட்டுக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். யார்டுக்குள் நுழைகிற, வெளியேறுகிற ஒவ்வொரு டிரெய்லரையும் பதிவு செய்வது அவர் வேலை. லாரி டிரைவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போடுவார்கள், அக்காவிடம் மட்டும் மாட்டார்கள். எங்கள் மேனேஜர் திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரக் குடும்பத்துக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். ஆனால் அது நின்றால் முதலில் அவருக்குத்தான் வியர்க்கும்.

விஷயம் இதுதான். ஒரு கண்டெய்னர் எங்கள் கேட்டைத் தாண்ட வேண்டுமானால், கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு எங்கள் சர்வரிலிருந்து ஒரு செய்தி போக வேண்டும். அந்தச் செய்தியில் எங்கள் யார்டின் மின்னணுக் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கம் ஏற்காது. அந்தக் கையெழுத்தைப் போடும் ரகசியச் சாவி, சர்வரின் மதர்போர்டில் விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒட்டியிருந்த ஒரு கறுப்புச் சிப்புக்குள் இருந்தது. பாதுகாப்புக்கென்றே செய்த சிப். சாவி அதற்குள்ளேயே உருவாகி அதற்குள்ளேயே இருக்கும். வெளியே எடுக்க முடியாது, நகல் எடுக்க முடியாது. செய்தியை உள்ளே கொடுத்தால் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆடிட்டர் சொன்னாரென்று கம்பெனி அப்படி ஒரு சர்வரை வாங்கியிருந்தது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, சிப்பை எழுப்பி, சாவியை உருவாக்கியவள் நான். அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் நின்ற எனக்குப் பயம் வந்த காரணம் வேறு. சனிக்கிழமை மத்தியானம் நான் அந்த சர்வரின் கெர்னலைப் புதுப்பித்திருந்தேன். கெர்னல் என்றால் லினக்ஸின் மையம். வன்பொருள் எல்லாவற்றோடும் பேசுவது அதுதான். நெட்வொர்க் கார்டு அடிக்கடி துண்டித்துக்கொண்டே இருந்தது, புதுக் கெர்னலில் அது சரியாகிவிட்டதாகப் போட்டிருந்தார்கள். போட்டேன். நெட்வொர்க் அருமையாக ஓடியது. கிளம்பும் அவசரத்தில் நான் சரிபார்த்தது அதை மட்டும்தான். கையெழுத்தைச் சரிபார்க்கவில்லை; ஞாயிறு யார்டுக்கு விடுமுறை என்பதால் யாருக்கும் தெரியவும் இல்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருந்தேன். கெர்னல் இருக்கும் பகுதியில் இடம் போதவில்லையென்று பழைய கெர்னலை அழித்துவிட்டேன். அது இருந்திருந்தால் பழையதில் ஏற்றி, ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்திருக்கலாம்.

யார்டு வாசலில் இறங்கியபோது டிரெய்லர்கள் உள்ளே தராசு மேடை வரைக்கும் வரிசையில் நின்றன. எல்லாம் ஏற்றுமதிச் சரக்கு. சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குள் நுழைந்தாக வேண்டும். ஒரு டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. கேட் அக்கா கேபினிலிருந்து தலையை நீட்டி, "த்தோ, வந்துட்டா பாரு! ஹாரன வுடு முதல்ல!" என்று அவரை அடக்கிவிட்டு, என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இன்னாடி ஆச்சு?" என்றார்.

"தெரியலக்கா. பாக்குறேன்."

சர்வர் இருந்தது அண்ணாச்சியின் அறைக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில். உட்கார்ந்து கெர்னல் எழுதிவைத்த வரிகளைத் திறந்தேன். சிப் இருப்பதாகக் கண்டுபிடித்திருந்தது. அடுத்த வரியில், நேரம் முடிந்துவிட்டது என்று பிழை. சிப்பைப் பற்றி அதற்குமேல் ஒரு வரிகூட இல்லை.

அதற்குள் அண்ணாச்சி சர்வர் விற்ற கம்பெனியைப் பெங்களூரில் பிடித்துவிட்டார். போனை என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் ஓர் இளைஞர், பொறுமையானவர்தான். கெர்னலை மாற்றியதைத் தவிர நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், சிப் ஃபெயிலியர். செத்துப்போச்சு. போர்டு மாத்தணும். வியாழக்கிழமை ஆள் வருவாங்க" என்றார்.

"போர்டு மாத்தினா சாவி போயிடுமே சார்?"

"புதுசா ஒண்ணு உண்டாக்கிக்கலாம் மேடம்."

புதுச் சாவியைக் கப்பல் கம்பெனியில் பதிவு செய்யப் படிவம் மும்பை போய்த் திரும்ப இரண்டு வாரம் ஆகும். அண்ணாச்சிக்கு இது தெரியும். முகம் வெளுத்துவிட்டது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"தம்பி, வேற வழியே இல்லையா?"

"ஒண்ணு ட்ரை பண்ணலாம் சார். சர்வர் ஆன் ஆகும்போது பயாஸ்ல போங்க. செக்யூரிட்டின்னு இருக்கும். அதுல சிப்புக்கு க்ளியர்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். அத குடுங்க. சில சமயம் உயிர் வந்துரும்."

சர்வரை மறுபடி தொடங்கி, லினக்ஸ் ஏறுவதற்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனேன். கம்பெனியில் பாதிப்பேர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலத் திரையில் அந்த வரி இருந்தது. அதன்மேல் போய் என்டர் தட்டினேன். சிவப்புக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. இதைச் செய்தால் சிப்பிலுள்ள சாவிகள் எல்லாம் நிரந்தரமாக அழியும். தொடரவா?

"குடும்மா, குடு" என்றார் அண்ணாச்சி.

என் விரல் என்டர் கட்டைமேல்தான் இருந்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. சிப் உண்மையாகவே செத்திருந்தால், அது இருப்பதையே பயாஸ் காட்டியிருக்காது. இந்தத் திரை அதன் பெயரைச் சொல்கிறது, இயங்குகிறது என்று போட்டிருக்கிறது. அப்படியானால் உயிரோடு இருக்கிற ஒன்றின் ஞாபகத்தை நான் என் கையாலேயே துடைக்கப் போகிறேன்.

எஸ்கேப்பைத் தட்டி வெளியே வந்தேன்.

"ஏம்மா, என்ன பண்ணுத?"

"அண்ணாச்சி, சிப்பு சாகல. சனிக்கிழம நான்தான் கெர்னல மாத்தினேன். பழசையும் அழிச்சுட்டேன். தப்பு என்னோடது. ஆனா இத க்ளியர் பண்ணிட்டா கடவுளே வந்தாலும் சாவி கிடைக்காது. எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க."

போனில் பெங்களூர்க்காரர் "ஹலோ? ஹலோ?" என்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"உள்ளதச் சொல்லிட்ட. சரி. ஒரு மணி வரைக்கும் பாரு. அதுக்கு மேல நான் கப்பல்காரன்ட்ட என்னத்தையாவது சொல்லியாவணும்."

அப்போது மணி பத்தேகால். பயம் இருந்தது. ஆனால் அந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தபோது பயத்துக்கும் மேலே இன்னொன்று வந்து ஏறிக்கொண்டது. எப்படிச் சொல்வது? திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை இந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதைப் போல. சாவி உள்ளே இருக்கிறது. கதவு மட்டும்தான் திறக்கவில்லை.

கையெழுத்து மென்பொருளை விட்டுவிட்டு, சிப்பிடம் நேரடியாக ஒரே ஒரு கேள்வி கேட்கும் சின்னக் கட்டளையைக் கொடுத்தேன். நீ யார், எந்த மாடல் என்கிற கேள்வி. பதில் வரவில்லை. நெடுநேரம் கழித்துப் பிழை வந்தது. மறுபடி கேட்டேன். அதே நெடுநேரம், அதே பிழை. மூன்றாம் முறை சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். சரியாக இரண்டு நிமிஷம். நான்காம் முறையும் அதே இரண்டு நிமிஷம், பிசகே இல்லை.

பிசகில்லாமல் இரண்டு நிமிஷம் என்றால் யாரோ எதற்கோ காத்திருக்கிறார்கள். காத்திருப்பது சிப்பா, கெர்னலா?

இந்தச் சமயத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி டிரைவர் வந்து நின்றார். என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "யக்கா, இந்தப் பொண்ணு இன்னா, சும்மா கடியாரத்தப் பாத்துகினு கீது?" என்று கேட் அக்காவிடம் கத்தினார்.

"அது யோசிச்சிகினு கீது. நீ போய் டீ குட்சிட்டு வா. வந்தவொடனே மொத வண்டி உன்னுதுதான்."

அக்கா அன்று செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கம்ப்யூட்டர் எப்போது வந்தாலும் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாதென்று, வரிசையில் நின்ற ஒவ்வொரு வண்டியிடமும் நடந்து போய், கண்டெய்னர் எண், சீல் எண் எல்லாவற்றையும் சரிபார்த்து எழுதித் தயாராக வைத்துக்கொண்டிருந்தார். வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை. அந்த ஹாரன் சத்தம் நின்றது அவரால்தான். நடுவே என் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாஷ்டா துன்னியா?"

"இல்லக்கா."

ஒரு பன்னையும் டீயையும் கீபோர்டு பக்கத்தில் வைத்தார். "இன்னா பிரச்சினைன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"சிப்போட பேசுறதுக்குன்னு கெர்னல்ல ஒரு சின்ன புரோகிராம் இருக்குக்கா. அதுக்கும் டிரைவர்னுதான் பேரு. அது எதுக்காகவோ நின்னுகிட்டே இருக்கு."

"உன் டிரைவரும் லைன்ல நிக்கிறானா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நானும் சிரித்தேன். சிரித்ததும் கொஞ்சம் தெளிந்தது. அந்த டிரைவரைப் பற்றிக் கெர்னலிடமே கேட்கலாமே என்று அதற்குரிய கட்டளையைக் கொடுத்தேன். யார் எழுதியது, என்னென்ன விருப்பங்களோடு, அதாவது ஆப்ஷன்களோடு, அதை ஓட்டலாம் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரு வரியில் என் கண் நின்றது. இன்டரப்ட் வசதியைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்ற விருப்பம்.

இன்டரப்ட் என்பது மணி அடிப்பது போன்றது. ஒரு வன்பொருள் தன் வேலையை முடித்ததும் மணி அடிக்கும். கெர்னல் திரும்பிப் பார்த்துப் பதிலை வாங்கிக்கொள்ளும். எந்த வன்பொருள் எத்தனை முறை மணி அடித்தது என்று கெர்னல் கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்கைத் திறந்தேன். கீபோர்டு வரிசையில் ஓர் எண். அதற்குக் கீழே ஒரு வரிசையில் நம் சிப்பின் பெயர்.

அதன் எதிரே பூஜ்யம்.

சும்மா ஒரு எழுத்தைத் தட்டி அழித்துவிட்டு, கணக்கை மறுபடி திறந்தேன். கீபோர்டின் எண் ஏறியிருந்தது. கட்டையை அழுத்தும்போது ஒரு மணி, விரலை எடுக்கும்போது ஒரு மணி. நெட்வொர்க்கின் எண் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிப்பிடம் அதே பழைய கேள்வியைக் கேட்டேன். இரண்டு நிமிஷம் காத்திருந்து, கணக்கைப் பார்த்தேன். பூஜ்யம்.

சிப் வேலையை முடித்துப் பதிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த போர்டில் அதன் மணி கெர்னலுக்குக் கேட்கவில்லை. பழைய கெர்னலில் இருந்த டிரைவர் மணிக்காகக் காத்திருக்கவில்லை, அடிக்கடி தானே போய் எட்டிப் பார்த்தது. புதியதோ, மணி அடிக்கும் என்று நம்பி நின்றுகொண்டே இருக்கிறது.

"அக்கா!" என்று கத்தினேன். எதற்குக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் ஒன்றும் சரியாகவில்லை. ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே தட்டினேன்.

டிரைவரை இறக்கிவிட்டு, மணியை நம்பாதே என்ற விருப்பத்தோடு மறுபடி ஏற்ற வேண்டும். இறக்கப் போனால், பயன்பாட்டில் இருக்கிறது, முடியாது என்றது. பின்னணியில் ஓடி, சிப்பைப் பிடித்துக்கொண்டிருந்த சேவை நிரலை நிறுத்தினேன். இறங்கியது. விருப்பத்தோடு ஏற்றினேன். அப்படி ஒரு விருப்பமே இல்லை என்று முகத்திலடித்தது. ஒரு கணம் எல்லாம் இருண்டது. பிறகு பார்த்தால், அவசரத்தில் கடைசி எழுத்தை விட்டிருந்தேன். திருத்தி மறுபடி ஏற்றினேன். ஒன்றும் சொல்லவில்லை. லினக்ஸ் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்ல சேதி.

சேவையைத் தொடங்கிவிட்டு அந்தப் பழைய கேள்வியைக் கேட்டேன். நீ யார்?

கண்ணை எடுத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பதிப்பு எண், தயாரித்தவர் பெயரின் சுருக்கம், எல்லாம். அவ்வளவு வேகமாக வந்ததை நம்ப முடியாமல் இன்னும் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் டக், டக், டக்கென்று சொன்னது. நான் கைதட்டிக்கொண்டு ஒரு குதி குதித்துவிட்டேன். நாற்காலி பின்னால் உருண்டு கண்ணாடியில் மோதியது. அண்ணாச்சி அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்தார்.

"உடைஞ்சிட்டா?"

"உயிரோட இருக்கு அண்ணாச்சி! பேசுது! பாஸ்வேர்ட வந்து அடிங்க!"

சாவியின் கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். அந்த ஒரு நிமிஷம் காலையிலிருந்து போன நேரத்தைவிட நீளமாக இருந்தது. முதல் செய்தி கையெழுத்தோடு போனது. கப்பல் கம்பெனியிலிருந்து 'ஏற்கப்பட்டது' என்று திரும்பி வந்தது.

அண்ணாச்சி ஜன்னலைத் திறந்து, யார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "வண்டிய விடுங்கல!" என்றார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மணி பன்னிரண்டு இருபது. கேட் அக்கா தயாராக எழுதிவைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தட்ட, டிரெய்லர்கள் புகையைக் கக்கிக்கொண்டு நகர ஆரம்பித்தன. முதல் வண்டி, சொன்னபடியே, ஜன்னலில் வந்து நின்ற டிரைவருடையது. போகும்போது என்னைப் பார்த்துத் தலைக்குமேல் இரண்டு கையையும் கூப்பிக் காட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு வரிசை காலியானதும், சர்வரை மறுபடி தொடங்கப் போகிறேன் என்றேன்.

"ஓடுறத எதுக்கும்மா தொடுத?" என்று அண்ணாச்சி பதறினார்.

"இப்பவே பாத்துடணும் அண்ணாச்சி. கரண்ட் போய் வந்தா காலைல மாதிரியே ஆயிடும்."

அந்த விருப்பத்தை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு, சர்வரை அணைத்து ஏற்றினேன். ஏறியது. சிப் பேசியது. அதற்குப் பிறகுதான் காலையில் அக்கா வைத்த பன்னைத் தின்றேன். ஓரத்தில் எறும்பு மொய்த்திருந்தது. தட்டிவிட்டுத் தின்றேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம், என் நைனாவிடம், சொன்னேன். அவர் பெரம்பூரில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ சிப்பு மேல தப்பில்ல, உன் கெர்னல் மேலயும் தப்பில்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒயர்தான் தகராறா?"

"அந்த மாதிரிதான் நைனா."

"பழசக் கழட்டிப் போட்டியே, அது மட்டும் உன் தப்பு."

"ஆமா நைனா. அது என் தப்பு."

"சரி, சோத்தப் போட்டுக்கோ" என்றார். ஆனால் அடுத்த நாள் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அவருடைய தோஸ்து ஒருத்தர் தெருவில் என்னை நிறுத்தி, "செத்துப்போன மிஷின எழுப்பினியாமே?" என்று கேட்டார்.

அந்த வாரமே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அந்த டிரைவரை எழுதியவர்களுடைய மின்னஞ்சல் குழுவுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். போர்டின் மாடல், பூஜ்யமாகவே நின்ற அந்த எண், இரண்டு நிமிஷக் காத்திருப்பு, எல்லாம். நான்கு முறை எழுதி எழுதி அடித்தேன். யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் பதிலில்லை. பத்தாம் நாள் காலையில் ஒருவர் எங்கோ ஒரு தூர தேசத்திலிருந்து எழுதியிருந்தார். அவருடைய போர்டிலும் அதேதானாம், மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். நான் எழுதியதைப் படித்துச் சரிசெய்துகொண்டாராம். அதற்குக் கீழே டிரைவரை எழுதியவரே இன்னும் சில விவரங்கள் கேட்டிருந்தார். மரியாதையாக, கூட வேலை பார்ப்பவளிடம் கேட்பதைப் போல.

அதைப் படித்ததும் அறையில் இருக்க முடியவில்லை. வெளியே வந்து யார்டைக் குறுக்காகக் கடந்து கேட் வரைக்கும் கிட்டத்தட்ட ஓடினேன். கேட் அக்கா ஒரு வண்டியின் சீல் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, மறுபடியும் படுத்துகிச்சா?"

"இல்லக்கா, இல்ல" என்றேன். மூச்சு வாங்கியது. "ஒண்ணுமே ஆகல. நல்லா ஓடுது. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் லாரி டிரைவரைப் பார்த்து, "கொஞ்சம் இருப்பா" என்று கையைக் காட்டி வண்டியை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பினார்.